தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்: பெண்ணிய ஆய்வு மையம் ஒன்றை இங்கே தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும், பேராசிரியப் பெருமக்களுக்கும், கல்லூரிக் கல்வித் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

அரூர் வட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றில் நீண்ட காலமாகப் பணியாற்றி வருபவள் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். நம் இரு மாவட்டங்களிலும் உள்ள கல்லூரிகளில் ஒன்றில், கூடுமானால் அரசு மகளிர் கல்லூரி ஒன்றில், பெண்ணிய ஆய்வு மையம் ஒன்றை நீங்கள் நிறுவ வேண்டும். அந்த மையத்தில் நடக்கும் ஆய்வும், இங்குள்ள பெண்கள் தங்கள் நியாயத்துக்காக நடத்தும் போராட்டமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி அதன் விதிகளை முதல் நாளிலேயே எழுதிவைக்கவும் வேண்டும். மார்ச் 8 அன்று விழா எடுப்பதற்குக் கல்லூரிகளில் ஏற்கெனவே குழுக்கள் உண்டு. நான் கேட்பது ஆண்டு முழுவதும் இயங்கும், தனக்கென நூலகமும் ஊழியரும் நிதியும் கொண்ட ஒரு மையம்.

ஆய்வு என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிய செய்தியன்று. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தமிழ்நாட்டின் மகளிர் குழுத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான். அதற்குப் பின் கேள்வித்தாளோடு வந்த எத்தனையோ பேருக்கு எங்கள் பெண்கள் திண்ணையிலும் களத்துமேட்டிலும் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள், குழுக்கடனை எதற்குச் செலவழித்தீர்கள், வீட்டுக்காரர் கைநீட்டுவாரா என்று முன்பின் அறியாதவர் கேட்டதற்கெல்லாம் கூலி நேரத்தை விட்டுக்கொடுத்து விடை தந்திருக்கிறார்கள். அந்த விடைகள் பட்டமாகவும் கட்டுரையாகவும் மாறிய பிறகு ஒரு பிரதிகூட ஊருக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. “போன தடவை வந்த பொண்ணுகிட்ட அவ்வளவு சொன்னோமே, அதெல்லாம் என்னாச்சு?” என்று அவர்கள் கேட்கும்போது சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை. வந்த ஆய்வாளர்களைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் பலர் உண்மையான அக்கறை கொண்டவர்கள். ஆனால் அவர்கள் சென்னைக்கோ தில்லிக்கோ போன பிறகு அந்தப் பேச்சைத் தொடர்வதற்கு இங்கே ஓர் இடம் இல்லாமல் போனது.

ஆய்வும் செயலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்ட நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1990களில் நம் மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் பெண்சிசுக் கொலையோடு சேர்த்துப் பேசப்பட்டது. அந்தக் கொடுமை எந்த அளவில் நடந்தது என்பதை வெளிக்கொணர்ந்தது ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கெடுப்பன்று. கிராம சுகாதாரச் செவிலியர்கள் தங்கள் பகுதியில் பிறந்த, இறந்த ஒவ்வொரு குழந்தையையும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் எழுதிவந்தார்கள். பெண் குழந்தைகளின் இறப்புகளில் பலவற்றுக்கு எதிரே, கொலை என்ற சொல்லுக்குப் பதிலாக, ‘சமூகக் காரணங்கள்’ என்று குறித்திருந்தார்கள். இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்தப் பதிவேடுகளைத் தொகுத்து, எந்த மாவட்டத்தில் எந்த அளவுக்கு இது நடக்கிறது என்று 1997இல் எழுதினார்கள். யாரும் கேட்காமல் தூசியடைந்து கிடந்திருக்கக்கூடிய அந்தக் குறிப்புகளின் மதிப்பை அறிந்தவர்கள் அவர்கள். அந்தக் குறிப்பை முதலில் எழுதிய செவிலியர்களின் துணிவையும் நான் இங்கே சொல்லியாக வேண்டும். தாங்கள் அன்றாடம் வாசலேறிச் செல்லும் வீடுகளைப் பற்றித்தான் அவர்கள் எழுதினார்கள்.

அந்த எண்கள் கட்டுரையோடு நின்றுவிடவில்லை. அதே ஆண்டுகளில் தருமபுரி மாவட்டத்தில் ‘கலைப்பயணம்’ என்ற பெயரில் வீதி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. பெண் பிறந்தால் வீடு ஏன் இருள்கிறது, வரதட்சணைக்கும் நிலத்துக்கும் மகனைப் பற்றிய எண்ணத்துக்கும் அந்த இருளோடு என்ன உறவு என்பதை ஊர் நடுவில் நின்று பேசின. அறிவுரை சொல்லித் தாயைக் குற்றவாளியாக்குவதற்குப் பதிலாக, அவளைச் சுற்றியிருந்த மாமியாரும் கணவனும் ஊரும் தங்களைத் தாங்களே பார்க்கும்படி அந்த நாடகங்கள் செய்தன. அதன்பின் நேர்ந்த மாற்றத்தையும் அதே இரு ஆய்வாளர்கள் பதிவேடுகளைக் கொண்டே ஆராய்ந்து 2000இல் எழுதினார்கள். 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள்; 2011இல் அது 913 ஆனது. கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகப் பிரிந்ததால் இந்த எண்களை ஒப்பிடும்போது எல்லை மாற்றத்தையும் கவனிக்க வேண்டும் என்பதை அறிவேன். 913 என்பதும் நிம்மதி தரும் எண்ணன்று. 1994இலேயே தடைச் சட்டம் வந்த பின்னும் கருவிலேயே பாலினம் பார்த்துச் சொல்லும் கள்ளத்தொழில் நம் பகுதியில் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறது. பதிவேடு, ஆய்வு, நாடகம், மறுபடியும் பதிவேடு என்று சுழன்ற அந்தச் சக்கரம், அதை இயக்கியவர்கள் வேறு பணிகளுக்குச் சென்றதும் நின்றுவிட்டது. அதைத் தொடர்ந்து சுழற்றும் பொறுப்பு நம் மண்ணில் உள்ள கல்லூரி ஒன்றிடம் இருந்திருந்தால், கொலை கருக்கலைப்பாக உருமாறியதை நாம் இன்னும் முன்னதாகவே கண்டிருப்போம் என்று நம்புகிறேன்.

வாச்சாத்தியைப் பற்றிச் சொல்லாமல் அரூர்க்காரி எவளும் இப்படியொரு மடலை எழுத முடியாது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழும் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊர் சூறையாடப்பட்டது, பெண்கள் குழந்தைகளோடு சேலம் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அரசுத் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. பழங்குடி மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணைநிற்க, 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்திய புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்று கூறியது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. முப்பத்தோரு ஆண்டுகள். அந்தப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் நின்று சீருடைக்காரர்களைச் சுட்டிக்காட்டியதும், கூலியை விட்டுவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்துபோனதும், அவர்களுடைய பிள்ளைகள் அந்த நினைவோடு வளர்ந்ததும் இந்திய நீதி வரலாற்றின் பகுதியாகும்.

நம் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பட்டப்படிப்பு முடிக்கும் மாணவி இவற்றைத் தன் பாடத்தில் படிக்கிறாளா என்று தயவுசெய்து நீங்களே பாருங்கள். மனுக்கள், வாக்குமூலங்கள், பத்திரிகைச் செய்திகள், அந்தப் பெண்களின் நினைவுகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகம் ஒன்று இந்த மையத்தின் முதல் பணியாக இருக்க வேண்டும். அதில் எதை யார் பார்க்கலாம் என்பதை அந்தப் பெண்களே முடிவுசெய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்வது ஒருபுறம் இருக்க, தன் வாழ்க்கையைப் பற்றிய தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும், வேண்டாம் என்று அதைத் திரும்பப் பெறும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. முதலில் எழுதிவைக்க வேண்டிய விதிகள் என்று நான் சொன்னதில் இதுவே முதலாவது.

இது புதுமையான கோரிக்கை என்று யாரும் எண்ண வேண்டாம். 1971இல் இந்திய அரசு அமைத்த பெண்கள் நிலை குறித்த குழு, பூல்ரேணு குஹாவின் தலைமையிலும் வீணா மஜும்தாரின் பெரும் உழைப்பிலும் தன் அறிக்கையை 1974இன் இறுதியில் முடித்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் மக்கள்தொகையில் பெண்களின் விகிதம் குறைந்துவருவதையும், வேலையில் அவர்கள் இடம் சுருங்குவதையும் அது காட்டியபோது பல்கலைக்கழகங்கள் அதிர்ந்தன; தாங்கள் இதுவரை எதைப் படிப்பித்தோம் என்ற கேள்வியை அவை தங்களிடமே கேட்க நேர்ந்தது. மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் 1974இல் பெண்கள் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அங்கேதான் 1981இல் முதல் தேசியப் பெண்ணியக் கல்வி மாநாடு நடந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளிலும் இத்தகைய மையங்களுக்கு ஆதரவு தரத் தொடங்கியது. போராட்டக் களத்தில் நின்றவர்களே வகுப்பறைக்குள்ளும் இந்தக் கல்வியைக் கொண்டுவந்தார்கள் என்பதால், ஆய்வையும் இயக்கத்தையும் இணைப்பது இத்துறையின் பிறவிக் குணம்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் அதில் கல்லூரி நிர்வாகத்துக்கான பாடம் இருக்கிறது. நியூயார்க்கில் உள்ள பர்னார்டு மகளிர் கல்லூரியில் 1971இல் பெண்கள் மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அறிஞர்களும் பெண்ணியச் செயல்பாட்டாளர்களும் ஒரே மேடையில் பேசும் ஆண்டு மாநாட்டை அது நடத்திவருகிறது. வீட்டுவேலைத் தொழிலாளர்களின் உழைப்பு மதிப்பைப் பற்றி அவர்களுடைய அமைப்புகளோடு சேர்ந்தே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இயக்கங்களில் பணியாற்றுபவர்களைக் கல்லூரிக்கு அழைத்து, அங்கிருந்தபடி எழுதவும் சிந்திக்கவும் வாய்ப்புத் தந்திருக்கிறது. ஆனால் 1982இல், பெண்களின் பாலுணர்வு பற்றிய மாநாட்டுக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, மாநாட்டுக்காக அச்சிட்ட கையேட்டைக் கல்லூரி நிர்வாகமே பறிமுதல் செய்தது. துணைநின்ற அறக்கட்டளை ஒன்றும் பின்னர் விலகிக்கொண்டது. அத்தனை வசதியும் பெயரும் உள்ள கல்லூரியிலேயே எதிர்ப்பு வந்ததும் நிர்வாகத்தின் கை நடுங்கியிருக்கிறது என்றால், இங்கே அந்த நாள் வரும்போது என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாள் இங்கே வராமல் போகாது. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, தருமபுரிக்கு அருகே நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. தான் விரும்பியவரோடு வாழ ஒரு பெண்ணுக்கு உள்ள உரிமை இந்த மண்ணில் எவ்வளவு விலைக்கு உரியது என்பதை அந்த நாளும் அதைத் தொடர்ந்த மாதங்களும் காட்டின. சாதியை விட்டுவிட்டுப் பெண்களைப் பற்றி மட்டும் ஆராய்வோம் என்று ஒரு மையம் இங்கே சொல்லுமானால் அது எதையும் ஆராயாது. ஒரு மாணவி தன் ஊரில் நடந்த கட்டாயத் திருமணத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள் என்றும், மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கல்லூரி அலுவலகத்தில் வந்து உட்காருகிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அவளை அழைத்து மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லாமல், அவள் தரவுகளையும் அவள் பாதுகாப்பையும் காப்பது நிர்வாகத்தின் கடமை என்று விதியில் இருக்க வேண்டும். முதல்வர்களாகிய உங்களிடம் நான் மிகவும் வேண்டிக் கேட்பது இதைத்தான்.

மையம் எதை ஆராய வேண்டும் என்பதற்கு எங்கள் பெண்களிடம் கேட்டால் ஒரு நாளில் சொல்லிவிடுவார்கள். தை, மாசி தொடங்கிப் புளி உடைக்கும் வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை பிரித்துத் தரும் பெண்ணுக்குக் கிலோ கணக்கில் கிடைக்கும் கூலி, அவள் கைவிரல் நோவுக்கும், பள்ளி விடுமுறையில் உடன் உட்காரும் மகளின் நேரத்துக்கும் சேர்த்தே அளக்கப்படுகிறது. அது வீட்டுவேலை போலத் தோன்றுவதால் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகள் மாம்பழப் பருவத்தில் மட்டும் பெண்களை அழைக்கின்றன. பருவம் முடிந்ததும் அவர்கள் யாருடைய தொழிலாளர்கள் என்று சொல்ல ஆளில்லை. ஓசூர், போச்சம்பள்ளி ஆலைகளுக்கு மலையூர்களிலிருந்து போகும் இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி இரவுப் பணியும் செய்கிறார்கள். அந்தச் சம்பளம் அவர்களுக்கு முதன்முதலாகச் சொந்தப் பணத்தைத் தந்திருக்கிறது. அந்த விடுதியின் பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. வாரக்கடன் வசூலுக்கு வருபவர் வாசலில் உட்கார்ந்துகொள்ளும்போது கடன் வாங்கியவளுக்காகப் பக்கத்து வீட்டுப் பெண்ணே பதில் சொல்ல வேண்டியிருக்கும் நிலை, 1989இல் இங்கே தொடங்கிய குழு இயக்கத்தின் நோக்கத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதும் ஆராய்ச்சிக்குரியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் காரணமான ஃபுளூரைடு நீர், தலைமுறைகளாகக் குடம் சுமந்த பெண்களின் மூட்டுகளில் என்ன செய்தது என்பதைக் கேட்டு எழுதிவைக்கவும் காலம் கடந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் அவசரமானது குழந்தைத் திருமணம். 2006இன் சட்டம் அனைவருக்கும் தெரியும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098உம் பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. இருந்தும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, சித்தேரி மலைப்பகுதிகளில் பத்தாம் வகுப்புக்குப் பின் காணாமற்போகும் பெண் பிள்ளைகளைத் தேடிச் சென்றால் பலர் கழுத்தில் தாலி இருக்கிறது. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியின் பொறுப்பில் வளரும் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற அச்சமே பல வீடுகளில் தாலியாக மாறுகிறது என்பது எங்கள் களப்பணியாளர்களின் அனுபவம். திருமணத்தைத் தடுத்த அதிகாரி போன பிறகு அந்தப் பெண் எங்கே தங்குகிறாள், படிப்பைத் தொடர்கிறாளா என்பதை ஐந்தாறு ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுதான் உதவும். அப்படிப்பட்ட ஆய்வை வெளியூரிலிருந்து வந்து செய்ய இயலாது. பக்கத்தில் இருக்கும் கல்லூரியால்தான் முடியும்.

அதைச் செய்யத் தகுதி வாய்ந்தவர்கள் உங்கள் வகுப்பறைகளிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. பெண்களில் அறுபது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவானவர்களே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அந்தத் தாய்மார்களின் மகள்கள் இன்று கட்டணமில்லா நகரப் பேருந்தில் ஏறி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தின் மாதம் 1000 ரூபாயை வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வருகிறார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறார்கள். ஏட்டுத் தமிழில் அச்சிட்ட கேள்வித்தாளுக்கு அந்த வீடுகளில் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்பதைத் தாண்டிப் பதில் கிடைக்காது. அவர்களுடைய மகள் கேட்டால் கதவு திறக்கும். சான்றிதழ் வகுப்பு ஒன்றோடு, களத்தில் எப்படிக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது, கேட்டதை எப்படிக் காப்பது என்ற பயிற்சியை எல்லாத் துறை மாணவிகளுக்கும், விரும்பும் மாணவர்களுக்கும், தொடங்குங்கள்.

களப்பணியாளர்களுக்கும் மையத்தில் இடம் வேண்டும். பழங்குடிச் சங்கத்திலோ, கட்டடத் தொழிலாளர் சங்கத்திலோ, குழுக் கூட்டமைப்பிலோ உழைத்த ஒரு பெண் ஓராண்டு கல்லூரியோடு இணைந்து தன் அனுபவத்தை எழுதவும் கற்பிக்கவும் ஊதியத்துடன் நல்கை தாருங்கள். அதற்கு முனைவர் பட்டமோ தகுதித் தேர்வோ கேட்காதீர்கள். அவரால் எழுத இயலாவிட்டால் அவர் சொல்ல மாணவி எழுதலாம். இருவர் பெயரும் நூலில் இருக்க வேண்டும். மையத்தின் ஆய்வு முடிவுகள் எதுவானாலும் முதலில் தமிழில் வெளிவர வேண்டும்; அச்சுக்குப் போகும் முன் அந்த ஊரில் வாசிக்கப்பட வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் கேட்கலாம். தங்களைப் பற்றி எழுதியதைத் தவறு என்று சொல்லவும், திருத்தக் கோரவும் அந்தப் பெண்களுக்கு வாய்ப்பு வேண்டும்.

கல்லூரி படிக்கும் இடம், போராடும் இடமன்று என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். கட்சிகளின் கொடி கல்லூரிக்குள் வர வேண்டாம். ஆய்வின் முடிவு நாங்கள் விரும்பியபடி இருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. எங்கள் கூட்டமைப்பின் தவறுகளை ஆய்வு காட்டினாலும் அதை வெளியிடுங்கள். ஆனால், கூலி எவ்வளவு குறைவாகத் தரப்படுகிறது என்பதைக் கண்டறிந்த ஆய்வாளர் அந்தக் கண்டறிதலைத் தொழிலாளர் அலுவலரிடம் கொண்டுசெல்லும் பெண்களோடு போய் நிற்பதும் கல்விப்பணியின் பகுதியே என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். நிதியைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவிடமும் மாநில உயர்கல்வித் துறையிடமும் முறையாகக் கேட்பதே நல்லது. ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கினால், அந்த ஆலைகளின் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வில் அவர்களுக்கு எந்தக் குரலும் இல்லை என்பது எழுத்தில் இருக்கட்டும்.

வரும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் இதற்கென ஒரு கலந்தாய்வுக் கூட்டத்தை நீங்கள் அழைக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர்களோடு கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பழங்குடி அமைப்புகள், தொழிற்சங்கங்கள், மகளிர் குழுக் கூட்டமைப்புகள் ஆகியோரும் அதில் சமமாக அமர வேண்டும். அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பெண்களை அழைத்துவரும் பொறுப்பை எங்களைப் போன்ற கூட்டமைப்புகள் ஏற்கும். கிழமை நாள்களில் கூலிக்குப் போக வேண்டியிருப்பதால் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தால் நல்லது. மலையூர்களுக்குக் கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும் என்பதால் மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் குழுக் கூட்டமைப்புப் பணியாளர் ஒருவர்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.